சுவர் தாண்டும் கோழி

முதல் தடவையாகக் கோழி வாங்கப் போகிறவர்கள் பண்ணைக்காரரிடம் கேட்பது எங்கேயும் ஒன்றுதான். முட்டை நிறைய வருமா, சத்தம் போடாமல் இருக்குமா, பிள்ளையைக் கொத்துமா, அடுத்த வீட்டுக்குப் போய் வம்பை வாங்கிக்கொண்டு வருமா. தையல்காரி இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"போன வாரம் சுவர் தாண்டுற கோழின்னு ஒண்ணு காட்டினீங்களே, அது இன்னும் இருக்கா?"

பண்ணைக்காரர் கையிலிருந்த தீவன முறத்தைக் கீழே வைத்தார். "தாண்டாததுதானே கேக்குறீங்க?"

"தாண்டுறதுதான்."

பண்ணைக்காரர் அவள் கணவனைப் பார்த்தார். அவன் தச்சன். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். மரத்தூள் படிந்த தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று அந்த நிற்கிற விதமே சொன்னது.

விஷயம் கோழியில் ஆரம்பிக்கவில்லை. ஒரு ஜன்னல் திரையில் ஆரம்பித்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அப்பா விட்டுப் போனது ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். தெருப்பக்கம் அண்ணனுக்கு. அங்கே அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். பின்பக்கம், சந்து வழியாக நுழைகிற பாதி, தம்பியான தச்சனுக்கு. கடையில் நிற்பது பெரும்பாலும் அண்ணன் மனைவிதான். தெருவுக்கு அவள் மருந்துக்கடைக்காரி, தையல்காரிக்கு ஓரகத்தி. வாய் நிறைய அக்கா என்றுதான் தையல்காரி அவளைக் கூப்பிடுவாள். இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலாக, பூசாத செங்கல் சுவர் ஒன்று ஓடியது. அந்தப் பக்கம் ரோஜாச் செடிகள். இந்தப் பக்கம் துணி காயப்போடும் கம்பி.

தையல்காரி யாரிடமும் உட்கார்ந்து தொழில் படித்தவள் இல்லை. பழைய சட்டைகளைத் தையல் தையலாகப் பிரித்து, பிரித்ததைத் தரையில் பரப்பி, ஏன் இந்த இடத்தில் வளைத்தான், ஏன் இங்கே ஓரம் விட்டான் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். இரண்டு தடவை அளப்பாள், ஒரு தடவை வெட்டுவாள். மிஞ்சிய துண்டு விரல் அகலம் இருந்தாலும் சுருட்டி, தைத்த துணியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவாள். தெருவில் பாதி வீட்டு அலமாரிகளில் அவள் கட்டிய அந்தச் சுருள்கள் கிடக்கும்.

ஓரகத்தி தன் முன்னறைக்குத் திரை தைக்கத் துணி கொண்டுவந்தாள். செங்கல் நிறம், நடுவில் வெள்ளைப் புள்ளி. நல்ல கனமான துணி.

"தரை வரைக்கும் விடாதே. துடைக்கும்போது நனைஞ்சு நாறுது. ஒரு சாண் தூக்கியே வை."

அப்படியே வைத்தாள். மிஞ்சிய துண்டைச் சுருட்டித் திரையோடு கொடுத்தபோது ஓரகத்தி கையை ஆட்டி மறுத்தாள்.

"எனக்கு எதுக்கு அது? உன் வீட்டுல விழுந்தது உன்னோடது. வச்சுக்க."

தையல்காரிக்குச் சந்தோஷம். அந்தத் துண்டில் மகளின் சாம்பல் நிறக் கவுனுக்கு ஒரு கழுத்துப் பட்டி வைத்தாள். வட்டக் கழுத்து, முனை உருட்டியது. பிரித்துப் பிரித்து நான்காவது தடவைதான் அவளுக்குத் திருப்தி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு மகள் அப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கப் பெரியம்மா கடைக்குப் போனாள்.

கடையில் கூட்டம். ஓரகத்தி மேஜைக்கு மேலே எட்டி, அந்தப் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள்.

"இது எங்க வீட்டு ஜன்னலாச்சே! திரை ஏன் ஒரு சாண் குறையுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். இங்கதானே தொங்குது."

கடை சிரித்தது. பிள்ளை கழுத்தில் கையை வைத்து, அடிபட்ட இடத்தைப் பொத்துவதுபோல் பொத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தது. மருந்துப் புட்டியை வைத்தது. "அம்மா, இதைப் பிரிச்சுடு" என்றது. நடந்ததைத் தையல்காரி தெருமுனைப் பேக்கரிக்காரி வாயால்தான் கேட்டாள். சிரித்தவர்களில் தானும் உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேக்கரிக்காரி சொன்னாள்.

மருந்துக்கடைப் பேச்சுக்கு ஒரு வசதி உண்டு. தலைவலிக்காரன், வயிற்றுவலிக்காரன், தூக்கம் வராதவன் எல்லோரும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். மாத்திரையை உறையில் போடும் நேரத்துக்குள் ஒரு கதை முடிந்துவிடும். கொஞ்ச நாளில் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர். தையல்காரிக்கு முதன்முதலில் துணி கொடுத்தவரும் அவர்தான். தையல்காரி சாக்குக்கட்டிக் கோடு போட்டு, வெட்டத் தயாராக வைத்திருந்த துணியைத் திருப்பிக் கேட்டார். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். பேக்கரிக்காரி துணி கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வெட்டி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்று கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் தையல்காரி இரண்டாவதைத்தான் சொல்வாள்.

ஒரு தடவை கடைக்குப் போய்க் கேட்டாள்.

"அக்கா, துணி நீங்க குடுத்ததுதானே?"

"அட, விளையாட்டுக்குச் சொன்னதை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு வந்துட்டியா? பெருசு பண்ணாத." ஓரகத்தி சிரித்தாள். தையல்காரி படி இறங்கும்போது, அங்கே நின்றிருந்த யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "உறுத்துது போல."

அன்று வீட்டுக்கு வந்து கவுனிலிருந்து அந்தப் பட்டியைப் பிரித்தாள். நூல் ஒன்றுகூட அறுபடாமல் பிரித்தாள். பிரித்ததை, மெஷினுக்கு நூல் சுற்றும் பாபின்களைப் போட்டுவைக்கும் பாபின் பெட்டிக்கு அடியில் வைத்தாள். பழி தீர்ப்பதென்று முடிவு செய்தது அப்போதுதான். எப்படி என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, துணி வந்ததும் வெட்டலாம்.

துணி கோழி உருவத்தில் வந்தது.

தையல் குறைந்ததும் தச்சன் ஒரு யோசனை சொன்னான். கொல்லை சும்மாதான் கிடக்கிறது. நாலு கோழி போட்டால் பிள்ளைக்கு முட்டையாவது ஆகும். சொன்ன கையோடு பட்டறையில் மிஞ்சிய கட்டைகளைச் சுமந்துவந்து கூடு செய்யத் தொடங்கினான். சாய்வுக் கூரை, வலை அடித்த கதவு, முட்டையிட மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் மெத்தென்று மரச்சீவல். முனைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான்.

"கோழிக்கு எதுக்குங்க இவ்வளவு வழவழப்பு?"

"முள்ளு குத்தினா அது யாருகிட்டச் சொல்லும்?" என்றான். பிறகு கட்டையைத் தட்டிக்காட்டி, "இதெல்லாம் பட்டறையில விழுந்ததுதான். முதலாளி கேட்டதுக்கு எடுத்துட்டுப் போடான்னுட்டாரு. என்னை யாரும் திருடன்னு சொல்லல பாரு."

அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

முதல் தடவை பண்ணைக்குப் போனபோது மூன்று பேருமாகப் போனார்கள். பண்ணைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு அடைப்பாக நின்று விளக்கினார். வெள்ளைக் கோழி: முட்டை இயந்திரம், தினம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும், சின்னச் சத்தத்துக்கும் மிரளும். கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்து: வெயிலுக்குக் கலங்காது, நோய்நொடி குறைவு, பார்வைக்குத்தான் சுமார். தலையில் பூங்கொத்து மாதிரி கொண்டை வைத்த ஒரு ரகம்: மகள் அதைப் பார்த்து உருகிவிட்டாள், பண்ணைக்காரரோ, அதற்கு முன்னால் இருப்பதே கண் தெரியாது, அலங்காரத்துக்குத்தான் ஆகும் என்றார். கடைசியில் பழுப்புக் கோழி. கனமான உடம்பு, குட்டை இறக்கை, தூக்கினால் மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

"முதல் தடவை வளர்க்குறவங்களுக்கு இதைத்தான் குடுப்பேன். வாரத்துக்கு நாலஞ்சு முட்டை. போட்ட இடத்துல போடும், இருக்கிற இடத்துல இருக்கும். கோழின்னா கோழி, வீட்டோட மருமகன்னா வீட்டோட மருமகன்."

தச்சன் அதிலேயே மனம் நிறைந்துவிட்டான். போகிற வழியில் ஓரமாக ஒரு அடைப்பு. மேலேயும் வலை போட்டிருந்தது. உள்ளே மெலிந்த சாம்பல் நிறக் கோழிகள். கன்னத்தில் தாடி மாதிரி இறகு, ஆரஞ்சுக் கண், நிற்கிற நிலையே யாருடனோ சண்டை முடித்து வந்ததுபோல.

"இது என்னங்க, மேலேயும் வலை?" என்று கேட்டாள் தையல்காரி.

"அதுங்க பக்கமே போகாதீங்க. உடம்புல எடை கிடையாது, எவ்வளவு உசரச் சுவரா இருந்தாலும் ஏறிடும். கூட்டுல முட்டை போடாது. நம்ம கண்ணுல படாத இடமா, அடுத்தவன் வீட்டு வைக்கோலாப் பாத்து ஒளிச்சுப் போடும். நீங்க தீவனம் போடுவீங்க, அடுத்த வீட்டுக்காரன் ஆம்லெட் சாப்பிடுவான். ஒரே ஒரு நல்லது, முட்டை பச்சை நிறம். எங்க பாத்தாலும் இது நம்மதுன்னு சொல்லிடலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுவது என்பார்களே, அது சத்தமில்லாமல்தான் விழும். தையல்காரி அந்த வலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் யோசிக்கணும் என்று சொல்லி அன்றைக்கு எதையும் வாங்கவிடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கொல்லைச் சுவரின் உயரத்தை டேப்பால் அளந்தாள்.

இரண்டாவது தடவைதான் அந்தக் கேள்வி.

"யாருக்காவது வேண்டாதவங்களுக்குப் பரிசா குடுக்கப்போறீங்களா?" என்றார் பண்ணைக்காரர்.

"எங்களுக்குத்தான்."

"அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டீங்கல்ல? அப்புறம் வந்து திட்டக்கூடாது."

"நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் தையல்காரி. முட்டைக்கு வரும் பருவத்திலிருந்த நாலு பெட்டைகளைப் பொறுக்கினாள். பொறுக்கிய விதத்தைப் பார்த்துப் பண்ணைக்காரருக்கே ஆச்சரியம். கொழுத்ததைத் தள்ளினாள், சாதுவாக நின்றதைத் தள்ளினாள். கையை நீட்டியதும் கொத்த வந்ததைக் கூடையில் போடச் சொன்னாள்.

கோழிகள் வந்தன. கொஞ்ச நாள் கூட்டுக்குள்ளேயே வைத்துப் பழக்கினாள். பிறகு திறந்துவிட்டாள். அவை கொல்லையைச் சுற்றிப் பார்த்தன, துணிக்கம்பியில் ஏறின, சுவரில் ஏறின. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தன. அவற்றில் ஒன்று இறங்கி வந்து தச்சன் செய்த அறைக்குள் நுழைந்து, மரச்சீவலைக் காலால் கலைத்து, சொல்லிவைத்த மாதிரி அங்கேயே முட்டையும் போட்டது.

மகள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். மழைக்குப் பிறகு வருகிற இளந்தளிரின் பச்சை. "அம்மா, இங்கேயே போட்டுடுச்சு! பண்ணைக்காரர் சொன்னது பொய்."

தச்சனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கூடு அப்படி" என்றான்.

தையல்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. பழுப்புக் கோழி செய்யவேண்டிய வேலையை இது செய்தால் இதை எதற்கு வாங்கினோம்? மறுநாள் தச்சன் பட்டறைக்குப் போனதும் அவனுடைய சுத்தியலையே எடுத்து, மூன்று அறைகளின் வாயிலும் குறுக்குச் சட்டம் அடித்தாள். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்துவைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பக்கம் பார்த்தாள். ரோஜாச் செடிகளுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், மருந்துப் பெட்டிகளோடு வருகிற காகிதத் துகளும் வைக்கோலும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கிடந்தன. கோழிக்கு வேறென்ன வேண்டும்.

சாயங்காலம் வந்த தச்சன் கூட்டைப் பார்த்தான். சட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். ஆணி கோணலாக அடிபட்டிருந்தது. அதைப் பார்த்தான். பிறகு சாய்த்துவைத்த பலகையைப் பார்த்தான். அவனுக்குப் புரியாமல் இல்லை.

"நீ கோழி வாங்கல" என்றான். "அடியாள் வச்சிருக்க."

"ஆமா" என்றாள்.

அதற்குமேல் அவன் அந்தக் கூட்டின் பக்கமே போகவில்லை. அது அவளுக்கு வலித்தது. இருந்தாலும் ஆணியைப் பிடுங்கவில்லை.

சில நாள் கழித்து, பகல் வேளையில், அந்தப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு கொக்கரிப்பு. உலகத்தில் வேறு யாரும் முட்டையே போட்டதில்லை என்பதுபோல ஒரு கொக்கரிப்பு. தையல்காரி தைத்துக்கொண்டிருந்த இடத்தில் மெஷின் மிதியை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே ஓரகத்தியின் தலை முளைத்தது.

"ஏய், உன் கோழி எங்க கொட்டகையில வந்து முட்டை போட்டுட்டுப் போகுது. என்ன நிறம்டி இது? பச்சையா இருக்கு, கெட்டதா?"

"நல்ல முட்டைக்கா. அந்த ஜாதிக்கே அப்படித்தான்."

"இந்தா, பிடி."

முட்டையை நீட்டினாள். இந்த இடத்துக்காக எத்தனையோ நாள் காத்திருந்த தையல்காரி, ஊசியில் நூல் கோர்ப்பவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு எதுக்குக்கா? உங்க வீட்டுல விழுந்தது உங்களோடது. வச்சுக்கோங்க."

ஓரகத்தியின் முகத்தையே பார்த்தாள். ஏதாவது ஞாபகம் வருகிறதா, கண் ஒரு தடவையாவது சிமிட்டுகிறதா என்று. ஒன்றுமில்லை. "சரி, நீயே சொல்லிட்ட" என்று தலை இறங்கிவிட்டது. கொஞ்சமாவது தடுமாறியிருந்தால் தையல்காரி அன்றைக்கே அந்த ஆணிகளைப் பிடுங்கியிருப்பாளோ என்னவோ. தான் சொன்ன வார்த்தை தனக்கே அடையாளம் தெரியாதவளிடம் இரக்கம் பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

நாலு கோழியும் அங்கேதான் போட்டன. தீவனம் இந்தப் பக்கம், தண்ணீர் இந்தப் பக்கம், எச்சம் கழுவுவது இந்தப் பக்கம். முட்டை மட்டும் அந்தப் பக்கம். மகள் தினமும் வெறும் கூட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

"அம்மா, நம்ம கோழிதானே? ஒரு நாளாவது எனக்கு ஒண்ணு வாங்கித் தாயேன் பெரியம்மாகிட்ட."

"கொஞ்சம் பொறு."

"எவ்வளவு பொறுக்கிறது?"

தையல்காரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடையில் வெள்ளை முட்டை வாங்கி வேகவைத்துக் கொடுத்தாள். பிள்ளை அதைத் தொடாமல் எழுந்துபோனது. பிள்ளைக்காகத்தான் இத்தனையும் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, பிள்ளை வைத்துவிட்டுப் போன முட்டையைத் தானே சாப்பிடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. சாப்பிட்டாள்.

வலை விரித்தவளுக்கு அதில் தானாக வந்து விழுந்த மீன்தான் பெரிதாக இருந்தது. ஓரகத்தி முட்டையைத் தின்றதோடு நிற்கவில்லை. அவளுக்குக் கொடுத்துப் பெயர் வாங்குவதில் ஆசை உண்டு. இந்த நிறத்தில் தெருவில் யாரிடமும் முட்டை இல்லை என்று தெரிந்ததும், டீச்சருக்கு நாலு, பேக்கரிக்காரிக்கு நாலு என்று கூடையில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஓடுகளை நொறுக்கி ரோஜாச் செடிகளைச் சுற்றித் தூவினாள். சுவரிலிருந்து பார்த்தால் செடிகளுக்கு அடியில் பச்சை வளையங்கள் தெரியும்.

பேக்கரிக்காரிதான் சொன்னாள், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது. "உங்க அக்கா வீட்டுக் கோழி பச்சை முட்டை போடுதாமே, தெரியுமா? எங்களுக்குக் குடுத்தாங்க. வெளியூர்லேர்ந்து வரவழைச்ச ஜாதியாம்."

"அப்படியா?" தையல்காரி டேப்பை அவள் தோளில் வைத்தாள். "ருசியா இருந்துச்சா?"

"மஞ்சக்கரு என்ன நிறம்ங்கிறீங்க!"

"மூச்சை விடுங்க, அளவு தப்பும்" என்றாள் தையல்காரி.

நாள் தானாக வந்தது. தெருவுக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போடுவது என்று பேச, ஒரு பிற்பகல் தெருப் பெண்களெல்லாம் மருந்துக்கடைக்காரியின் முன்னறையில் கூடினார்கள். அதைவிடப் பெரிய அறை தெருவில் இல்லை. தையல்காரி கடைசியாகப் போனாள். டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றாமலே போனாள். செங்கல் நிறத் திரை ஜன்னலில் தொங்கியது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கோடு போட்டதுபோல் நேராக. அவள் அதற்குக் கீழே போய் உட்கார்ந்தாள்.

குழாய்ப் பேச்சு முடிந்தது. கேக் வந்தது.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. எல்லாம் எங்க வீட்டு முட்டை" என்றாள் ஓரகத்தி, தட்டை நீட்டிக்கொண்டே. தையல்காரி பக்கம் வந்தபோது தட்டு கொஞ்சம் வேகமாகக் கடந்தது.

"அக்கா" என்றாள் தையல்காரி. "உங்ககிட்ட கோழி இருக்கா?"

குரலை உயர்த்தவில்லை. மென்றுகொண்டிருந்த வாய்கள் மெல்ல நின்றன.

"என்ன கேக்குற?"

"இல்ல, உங்க வீட்டு முட்டைங்கிறீங்களே. முட்டை போடணும்னா கோழி வேணுமே. இங்க கூடும் இல்ல, தீவனமும் இல்ல, ஒரு இறகுகூடக் காணோம். அதான் கேட்டேன். டீச்சரம்மா, உங்களுக்கு வந்தது என்ன நிறம்?"

"பச்சை" என்றார் டீச்சர்.

"எங்க கோழியும் பச்சைதாம்மா போடுது. தினம் சுவர் ஏறி இந்தப் பக்கம் வருது, திரும்பும்போது சும்மா வருது. என் பொண்ணு வெறும் கூட்டைப் பாத்துட்டுப் பள்ளிக்கூடம் போறா. நம்ம கோழிக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பேக்கரிக்காரி கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தாள். ஓரகத்திக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"என்னடி பேசுற? திருடினேன்னா சொல்ற?"

"திருட்டுன்னு நான் சொல்லலையே. இந்தத் தெருவுல அந்த வார்த்தையை நான் வாயில எடுத்ததே இல்ல."

"நீதானேடி சொன்ன! முதல் முட்டையை நீட்டினேன்ல, சுவருக்கு மேல! உங்க வீட்டுல விழுந்தது உங்களோடது, வச்சுக்கோங்கன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன்" என்றாள் தையல்காரி. எழுந்து நின்றாள். கை திரையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. "அதே மாதிரி ஒருத்தர் எனக்குச் சொன்னாங்க. இந்தத் துணியில மிஞ்சின துண்டை நான் நீட்டினப்ப. உன் வீட்டுல விழுந்தது உன்னோடது, வச்சுக்கன்னாங்க. வச்சுக்கிட்டேன். அப்புறம் என் பொண்ணு கழுத்தைப் பிடிச்சு, கடையில நின்ன ஆளுங்களுக்கெல்லாம் காட்டினாங்க."

ஓரகத்தி வாயைத் திறந்தாள், மூடினாள். வார்த்தை இப்போதுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அது முகத்தில் ஏறுவதைத் தையல்காரி ஒரு நூல்கூட விடாமல் பார்த்தாள்.

டீச்சர்தான் கேட்டார். "அப்ப அந்தத் துணி நீ குடுத்ததாம்மா?"

"அது... குடுத்தேன்னே வச்சுக்கோங்களேன், இப்ப அதுக்கு என்ன..."

"வச்சுக்கிறதெல்லாம் போதும்க்கா" என்றாள் தையல்காரி. "குடுத்தீங்களா, இல்லையா?"

"குடுத்தேன்."

"திரை ஏன் ஒரு சாண் தூக்கியிருக்கு?"

ஓரகத்தி தரையைப் பார்த்தாள். "நான்தான் தூக்கச் சொன்னேன். தரை துடைக்க."

தையல்காரி திரையை விட்டாள். அது ஆடி, தன் நேர்கோட்டில் வந்து நின்றது. "கேக் நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். சாப்பிடுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

டீச்சர் அந்த வாரமே பழைய துணியோடு வந்தார். சாக்குக்கட்டிக் கோடு மங்கியிருந்தது. "நான் யோசிச்சிருக்கணும்" என்றார். "ஆமாம்மா" என்றாள் தையல்காரி. இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. கோட்டை அழித்துவிட்டு, அவரை நிற்கவைத்து மறுபடி அளந்தாள். பேக்கரிக்காரி இப்போதெல்லாம் துணியை வைத்துவிட்டு உடனே போய்விடுகிறாள்.

தச்சன் இதையெல்லாம் பட்டறையில் யாரோ சொல்லிக் கேட்டான். வீட்டுக்கு வந்து நேராகக் கொல்லைக்குப் போனான். சுத்தியலின் பின்பக்கத்தால் கூட்டின் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஆணி பெயர்ந்த இடங்களில் மரம் சிலும்பியிருந்தது. உப்புத்தாள் எடுத்துவந்து அவள் உட்கார்ந்து தேய்த்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "குறுக்கால தேய்க்காத, மரம் போற போக்குல தேய்" என்றான். அவர்கள் வீட்டில் சமாதானம் என்றால் அவ்வளவுதான்.

பிறகு கோழிகளைப் பிடித்தாள். மகள் அணைத்துப் பிடிக்க, ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளைத் தையல் கத்தரியால் வெட்டினாள். கோழி அவள் மணிக்கட்டைக் கொத்தியது. அதைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் குணத்துக்காகத்தான், கோபித்துக்கொள்ள முடியுமா?

"பழுப்புக் கோழியே வாங்கியிருக்கலாம்" என்றாள் மகள்.

"வாங்கலாம். அடுத்த தடவை."

ரொம்ப நாளாகக் கிடந்த வேலை ஒன்று பாக்கி. பாபின் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தக் கழுத்துப் பட்டியை எடுத்தாள். சாம்பல் கவுனையும் எடுத்து மகள் தோளில் வைத்துப் பார்த்தாள். தோள் இரண்டு பக்கமும் வெளியே நின்றது. இதற்கிடையில் பிள்ளை வளர்ந்துவிட்டிருந்தது. தையல்காரி, எல்லாவற்றையும் இரண்டு தடவை அளப்பவள், இதை அளக்க மறந்துபோனாள். கவுனை மடித்துத் தனியாக வைத்தாள்.

புதுத் துணி வாங்கினாள். புது அளவு எடுத்துப் புதுக் கவுன் தைத்தாள். பட்டியைப் பிரித்து, மீதியிருந்த அதே செங்கல் நிறத் துணியில் நடுவில் ஒரு துண்டு இணைத்து, கழுத்துக்கு நீட்டினாள். இணைத்த இடம் தெரியவில்லை. தேடினால்தான் தெரியும்.

"போட்டுக்கோ."

மகள் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது கை தானாகக் கழுத்துக்குப் போனது. தையல்காரி அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். அதில் சில்லறையை வைத்தாள்.

"பெரியம்மா கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கிட்டு வா."

"யாருக்குத் தலைவலி?"

"யாருக்கும் இல்ல. வாங்கிட்டு வா. கூட்டம் இருக்கிற நேரமாப் பாத்துப் போ."

மகள் அம்மாவைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். போனாள்.

தையல்காரி மிதியை மிதிக்காமல் காத்திருந்தாள். கொல்லையில் ஒரு கோழி சுவரை நோக்கி எகிறி, பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொத்தென்று விழுந்தது. எழுந்து, யாரும் பார்க்காத மாதிரி நடந்தது. கொஞ்ச நேரத்தில் தச்சன் செய்த அறையிலிருந்து கொக்கரிப்பு கேட்டது.

மகள் வந்து உறையை மேஜையில் வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கைய மட்டும் பாத்து மாத்திரையைக் குடுத்தாங்க. நிமிரவே இல்ல."

"நீ?"

"நான் நிமிர்ந்துதான் நின்னேன்."

தையல்காரி உறையைப் பிரிக்காமல் பாபின் பெட்டிக்கு அடியில், பட்டி இருந்த இடத்தில் வைத்தாள். "போ, கூட்டுல பச்சை முட்டை இருக்கும், எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு மிதியை மிதித்தாள்.